தன் வேலையைத் தானே செய்யப் பழகும் வயது

காலை ஏழு மணிக்குச் சற்று முன்னதாக முகத்துவாரத்தின் ஏதாவதொரு வீதியோரத்தில் நின்று பாருங்கள். பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக வருவார்கள். முதலாம், இரண்டாம் ஆண்டுச் சிறுவர்கள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அது இயல்பே. அவர்களுக்குப் பின்னால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் வருகிறான். தாயின் தோளுயரத்துக்கு வளர்ந்துவிட்டான். ஆனால் அவனுடைய புத்தகப் பை தாயின் தோளில் தொங்குகிறது. தண்ணீர்ப் போத்தல் தாயின் கையில் இருக்கிறது. "கணக்குக் கொப்பி எடுத்தியா மகன்?" என்று தாய் கேட்கிறாள். "நீங்கதானே அம்மா வச்சீங்க" என்கிறான் பிள்ளை.

இந்தத் தாயைக் குறைகூற நாம் வரவில்லை. அன்பினாலேயே அவள் சுமக்கிறாள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. பிள்ளை களைத்துப் போகக்கூடாது. அவன் படித்தால் மட்டும் போதும், மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன் என்பது அவளுடைய எண்ணம். நம்மில் எத்தனை பேர் இப்படியே எண்ணுகிறோம்! ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். அடுத்த ஆண்டு இதே பிள்ளை ஆறாம் ஆண்டுக்குப் போவான். ஒருவேளை புதிய பாடசாலை, புதிய நண்பர்கள், பாடத்துக்கு ஓர் ஆசிரியர், நாளுக்கு ஏழெட்டுக் கொப்பிகள். அங்கே அவனுக்காக யார் நினைவு வைத்திருப்பார்? யார் திட்டமிடுவார்?

எட்டு வயது முதல் பதினொரு வயது வரை, அதாவது மூன்றாம் ஆண்டின் இறுதியிலிருந்து ஆறாம் ஆண்டின் தொடக்கம் வரையுள்ள காலம், பிள்ளை தன் வேலையைத் தானே செய்யப் பழகுவதற்கென்றே அமைந்த காலம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். அந்தப் பழக்கம் எப்படி வளர்கிறது, பாடசாலை அதற்கு என்ன செய்யலாம், வீடு என்ன செய்யலாம் என்பவற்றையும் சிந்திப்போம்.

எட்டு வயதுக்குப் பின் என்ன மாறுகிறது?

ஐந்து வயதுப் பிள்ளை, "இது என்ன?" என்று கேட்கும். ஒன்பது வயதுப் பிள்ளை, "இது ஏன் இப்படி?" என்று கேட்கும். நீங்களே கவனித்திருப்பீர்கள். "கடல் தண்ணி ஏன் உப்பாயிருக்கு? வள்ளம் ஏன் தாழல்ல? அண்ணாவுக்கு மட்டும் ஏன் இரண்டு துண்டு மீன்?" காரணத்தைத் தேடும் அறிவு விழித்துக்கொண்டது என்பதற்கு இக்கேள்விகளே அடையாளம்.

கடைசிக் கேள்வியைத் திரும்பப் பாருங்கள். அது மீனைப் பற்றியதன்று, நியாயத்தைப் பற்றியது. இந்த வயதில் பிள்ளைக்கு நீதியுணர்வு கூர்மையாகிறது. "ரீச்சர் அவனைப் பேசல்ல, என்னை மட்டும் பேசினாங்க" என்று வீட்டுக்கு வந்து முறையிடுவது வெறும் கோள் சொல்லல் அன்று. எது சரி, எது பிழை என்பதைத் தானே அளந்து பார்க்கப் பழகுகிறது.

மூன்றாவது மாற்றம், நண்பர் கூட்டம். தனியே விளையாடிய பிள்ளை இப்போது கூட்டம் சேர்க்கும், தலைவனைத் தெரிவு செய்யும், விதிகள் வகுக்கும், விதியை மீறினவனைத் தள்ளிவைக்கும். ஒழுங்கையில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடும் பத்து வயதுப் பையன்களை ஒரு மாலைநேரம் பார்த்திருங்கள். பெரியவர் ஒருவரும் இல்லாமலே அணி பிரிக்கிறார்கள், எல்லை குறிக்கிறார்கள், ஓட்டங்களைக் கணக்கு வைக்கிறார்கள், சண்டையைத் தாங்களே தீர்க்கிறார்கள். திட்டமிடவும், பொறுப்பேற்கவும், ஒருமனப்பட்டு வேலை செய்யவும் இவர்களால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: ஒழுங்கையில் இவ்வளவு திறமை காட்டும் பிள்ளை, வகுப்பறையில் ஏன் வாய்மூடிக் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறான்?

கொடைக்கானலில் கற்ற பாடம்

மொண்டிசோரி என்றால் நம் ஊரில் சிறுபிள்ளைகளின் முன்பள்ளி என்றே எல்லாரும் நினைப்போம். "மகள் மொண்டிசோரிக்குப் போறா" என்றால் மூன்று, நான்கு வயது என்று புரிந்துகொள்வோம். ஆனால் அந்தப் பெயருக்குரிய அம்மையார், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியும் ஆழமாகச் சிந்தித்தவர். அந்தச் சிந்தனையின் பெரும்பகுதி விரிவடைந்தது தமிழ்நாட்டு மலையொன்றில் என்பதும், அதில் இலங்கைப் பெண்மணி ஒருவருக்கும் பங்குண்டு என்பதும் பலர் அறியாதவை.

மரியா மொண்டிசோரி 1870 ஆம் ஆண்டு இத்தாலியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அந்நாட்டின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர். 1907 இல் உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதலாவது 'பிள்ளைகள் இல்லத்தை'த் தொடங்கினார். 1939 இல், தமது அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கே அவரிடம் பயிற்சி பெற ஏறத்தாழ 300 பேர் கூடினர். சில மாதங்கள் தங்கித் திரும்புவதாகவே வந்தார். ஆனால் 1940 யூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. பிரித்தானிய ஆட்சியின் கண்ணில் இத்தாலியர் பகைநாட்டார். உடன் வந்த மகன் மாரியோ சில காலம் தடுத்து வைக்கப்பட்டார். ஊர் திரும்பும் வழி அடைபட்டது.

1942 முதல் 1944 வரை அம்மையாரும் மகனும் கொடைக்கானல் மலையில் வாழ்ந்தார்கள். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். மலை, காடு, ஓடை, செடி, பூச்சி என்று சுற்றுப்புறம் முழுவதும் பாடமாயிற்று. முன்பே தொடங்கியிருந்த பெரிய பிள்ளைகளுக்கான கல்விமுறையை அவர்கள் விரிவாக்கியது இங்கேதான். அந்த வேலையில் அவர்களுக்குத் துணைநின்றவர் இலங்கையரான லீனா விக்கிரமரட்ன. பின்னாளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் சென்று அங்கும் இக்கல்விமுறையைப் பரப்பியவர் அவர். 1944 இல் மொண்டிசோரி அம்மையாரே இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

அவர் கண்டது என்ன? சுருக்கமாகச் சொல்வோம்.

சிறுபிள்ளை, "நானே செய்வதற்கு எனக்கு உதவி செய்" என்று கேட்கும் நிலையில் இருக்கிறது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கோ, தானே சிந்திப்பதற்கு உதவி தேவைப்படுகிறது. இந்த வயதில் கற்பனை பெரிதாக விரியும். ஆகவே பாடத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுக்காமல், உலகம் தோன்றிய கதை, உயிர்கள் தோன்றிய கதை, மனிதன் வந்த கதை, எழுத்து பிறந்த கதை, எண் பிறந்த கதை என்று பெரிய கதைகளாக முதலில் சொல்லவேண்டும். கதையைக் கேட்ட பிள்ளைக்குக் கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தானே தேடிப் போகும்.

இம்முறையைப் பின்பற்றும் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோர் ஒரே வகுப்பில் இருப்பார்கள். ஆசிரியர் ஒரு சிறு குழுவை அழைத்துப் பாடம் சொல்லுவார். மற்றவர்கள் தங்கள் தங்கள் வேலையில் இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் இன்று எதைத் தொடங்கினேன், எதை முடித்தேன் என்று ஒரு வேலைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும். வாரத்துக்கொரு முறையாவது ஆசிரியர் அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பிள்ளையோடு தனியே பேசுவார். "இந்த வாரம் கணக்கைத் தொடவே இல்லையே, ஏன்? அடுத்த வாரம் எப்போது செய்யப்போகிறாய்?" என்று கேட்பார். பிள்ளை தன் விருப்பப்படி தெரிவு செய்கிறது. ஆனால் தன் தெரிவுக்குக் கணக்கும் ஒப்புவிக்கிறது. சுதந்திரமும் பொறுப்பும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக அங்கே பழக்கப்படுகின்றன.

டி லா சால் வகுப்பறையில் பதவிகள்

இதெல்லாம் வசதி படைத்த பள்ளிகளுக்கே பொருந்தும், நாற்பது பிள்ளைகள் நெருங்கியிருக்கும் நம் வகுப்பறையில் எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. நம் முகத்துவாரத்தில் டி லா சால் கல்லூரி இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய புனித யோவான் பப்திஸ்து டி லா சாலின் வாழ்வைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

1651 இல் பிரான்சின் றெய்ம்ஸ் நகரில் பிறந்த அவர், 1680களில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளை நடத்த ஆசிரியர்களை ஒன்றுசேர்த்துச் சகோதரர் சபையை உருவாக்கினார். அக்காலத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாகத் தம்மிடம் அழைத்துப் படிப்பிப்பார். மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். டி லா சால் ஒரே தரத்துப் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்தி, இலத்தீனில் தொடங்காமல் அவர்கள் பேசிய மொழியிலேயே வாசிக்கக் கற்பித்தார். ஆசிரியர்களின் அனுபவங்களையெல்லாம் திரட்டி எழுதப்பட்ட பள்ளி நடைமுறை நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1720 இல், அச்சாகி வெளிவந்தது.

அந்நூலில் நம் கவனத்துக்குரிய பகுதி ஒன்று உண்டு. வகுப்பு நடைபெறுவதற்கு வேண்டிய பதவிகள் பல பிள்ளைகளுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டன. செபம் சொல்லத் தொடங்குபவர் ஒருவர், மணி அடிப்பவர் ஒருவர், தாள்களைக் கொடுத்துச் சேர்ப்பவர் ஒருவர், கூட்டித் துப்புரவு செய்பவர்கள், வாசல் காப்பவர், திறப்பை வைத்திருப்பவர். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய், ஏன் வரவில்லை என்று விசாரித்து வருவதற்கும் மாணவர் இருந்தனர். பெரும் எண்ணிக்கையான ஏழைப் பிள்ளைகள், குறைந்த வசதி, நெருக்கமான அறை. அந்த நிலையிலேயே முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இது நடந்தது. 1950 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இப்புனிதரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

ஆசிரியப் பெருமக்களே, வராத தோழனின் வீட்டுக்குச் சென்று அன்றைய பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும் பதவியை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை அன்று பாடத்தை எவ்வளவு கவனமாகக் கேட்கும்! சொல்லிக் கொடுக்க வேண்டியவன் தூங்கமாட்டான். இதற்குக் காசு வேண்டாம், கட்டடம் வேண்டாம், நம்பிக்கை மட்டும் வேண்டும்.

நம் பாடத்திட்டம் சொல்வதும் நாம் செய்வதும்

நம் நாட்டுப் பாடத்திட்டமும் இதையே விரும்புகிறது. 1997 இல் வகுக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மூன்று நிலைகளாகப் பிரித்தது. முதலாம், இரண்டாம் ஆண்டுகள் ஒரு நிலை. மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அடுத்த நிலை. ஐந்தாம் ஆண்டு தனி நிலை. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்று வழிகளிலும் பிள்ளை கற்கவேண்டும். கீழ்வகுப்பில் விளையாட்டு மிகுந்திருக்கும். மேலே போகப்போக எழுத்து வேலை கூடும். ஆனால் ஐந்தாம் ஆண்டிலும் செயற்பாடு நின்றுவிடுவதில்லை. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். செயற்பாடு என்றால் பிள்ளை செய்வது.

நாம் என்ன செய்கிறோம்? நான்காம் ஆண்டு தொடங்கும்போதே, சில வீடுகளில் மூன்றாம் ஆண்டிலேயே, ரியூசன் தொடங்கிவிடுகிறது. பாடசாலை விட்டதும் ஒரு வகுப்பு. சனி காலை ஒரு வகுப்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு வகுப்பு. கடந்தகால வினாத்தாள்கள், மாதிரி வினாத்தாள்கள், வழிகாட்டிப் புத்தகங்கள். பிள்ளைக்குக் கேள்வி கேட்க நேரமில்லை. விடை எழுதவே நேரம் போதாது. பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் இத்தகைய வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள்களையும் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடைசெய்ய வேண்டியிருக்கிறது என்றால், நாம் எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்பரீட்சை எதற்காக ஏற்பட்டது? 1940களில் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியையும் மத்திய பாடசாலைகளையும் நாட்டில் நிறுவியபோது, கிராமத்து ஏழைப் பிள்ளையின் திறமை வீணாகாமல் நல்ல பாடசாலையில் சேர்ந்து படிக்க ஒரு கதவு வேண்டியிருந்தது. அந்தக் கதவே இந்தப் புலமைப்பரிசில். இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சம் அளவான பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். உதவிப்பணமோ பெரிய பாடசாலையோ கிடைப்பது அவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்கே. மற்றவர்கள் பத்து வயதிலேயே, "நான் தோற்றுவிட்டேன்" என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகிறார்கள். பரீட்சை தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு அது இன்னும் ஒரு கதவுதான். ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் முயற்சியில் பிள்ளையின் கால்களை நாம் கட்டிவிடக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்பரீட்சையின் முதலாம் வினாத்தாள் பிள்ளையின் சிந்திக்கும் ஆற்றலை அளப்பதற்காக அமைந்தது. முன்பின் காணாத கேள்வியைக் கண்டதும் பதறாமல், "இதை எங்கே தொடங்கலாம்?" என்று தானே யோசிக்கப் பழகிய பிள்ளையே அதில் நிமிர்ந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் ரீச்சரின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் பார்த்துப் பழகிய பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் யாருடைய முகம் துணைவரும்?

மதிப்பெண் குறையாதா?

இந்த ஐயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. 2006 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஓர் அரசாங்க மொண்டிசோரிப் பள்ளிக்கு விண்ணப்பித்த பிள்ளைகளுள் சீட்டுக் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும், கிடைக்காமல் வேறு பள்ளிகளில் படித்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குலுக்கல் என்பதால், அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் ஒரு பக்கத்தில் மட்டும் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடையே, எழுத்துப் பிழை, கணக்கு போன்றவற்றில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் கதை எழுதும்போது மொண்டிசோரிப் பிள்ளைகளின் எழுத்தில் கற்பனையும் வாக்கிய அமைப்பும் மேம்பட்டிருந்தன. தோழர்களோடு ஏற்படும் சிக்கலை நல்லமுறையில் தீர்க்கும் வழியையும் அவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள்.

ஆய்வில் கலந்துகொண்டோர் நூற்றுக்குச் சற்று அதிகமானவர்களே. ஒரு நகரத்தின் ஒரு பள்ளியே. ஆகவே இதை வேதவாக்காகக் கொள்ளவேண்டாம். ஆயினும் நாம் அஞ்சியதுபோல் படிப்பில் பின்தங்கவில்லை. நாம் எதிர்பாராத சிலவற்றில் முன்னேறினார்கள் என்பது தெளிவு.

முகத்துவாரமே ஒரு பாடநூல்

பிள்ளை ஈடுபாட்டோடு கற்க வேண்டுமானால், பாடம் அவனுடைய கைக்கும் கண்ணுக்கும் எட்டவேண்டும். நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரம் என்றால் ஆறு கடலில் கலக்கும் வாய். நம் அருகில் கடலில் கலப்பது களனி கங்கை. ஐந்தாம் ஆண்டு வகுப்பொன்று ஒரு தவணை முழுவதும் இந்த ஆற்றைப் பற்றியே தேடினால் என்ன?

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்துவிடலாம். ஒரு குழு, மலைநாட்டிலிருந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் ஆற்றின் வழியைப் படமாக வரையும். இரண்டாவது குழு, கொழும்பு மக்கள் குடிக்கும் நீரின் பெரும்பகுதி அம்பத்தளையில் இதே ஆற்றிலிருந்து எடுக்கப்படுவதை அறிந்து, வறட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவந்தால் என்ன ஆகும் என்று தேடும். மூன்றாவது குழு, மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்யும் தகப்பன்மாரிடமும் மாமாமாரிடமும் கேள்வி கேட்டு எழுதிவரும்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது தொழில் எப்படி மாறுகிறது? பலநாள் படகு ஒன்றில் எவ்வளவு ஐஸ் ஏற்றவேண்டும்? நான்காவது குழு, சந்தையில் ஒரு வாரம் சாளை, சூரை, பாரை ஆகியவற்றின் விலையைக் குறித்துவந்து வரைபு கீறும். ஐந்தாவது குழு, இப்பகுதியின் பழைய பெயர்களையும் கதைகளையும் பாட்டிமாரிடம் கேட்டு எழுதும்.

தவணை முடிவில் ஒவ்வொரு குழுவும் மற்ற வகுப்பாருக்கும் பெற்றோருக்கும் தான் கண்டதை எடுத்துச் சொல்லவேண்டும். இதில் தமிழ் இருக்கிறது, கணிதம் இருக்கிறது, சுற்றாடல் இருக்கிறது. பரீட்சைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. யாரிடம் என்ன கேட்பது, எந்த நாளில் போவது, யார் எழுதுவது, யார் பேசுவது என்பவற்றையெல்லாம் பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம். ஆசிரியர் திட்டத்தைக் கேட்டு, குறையிருந்தால் கேள்வி கேட்பார். துறைமுகத்துக்கும் சந்தைக்கும் பெரியவர் ஒருவர் கூடப் போவார். ஆனால் பேசுவது பிள்ளையாக இருக்கும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

பாடசாலை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே வீட்டில் தொடங்கலாம்.

1. பையைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். இரவு படுக்கப் போகுமுன் நேரசூசியைப் பார்த்துத் தானே அடுக்கட்டும். முதல் இரண்டு வாரம் நீங்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பிறகு பார்க்காதீர்கள்.

2. மறந்துபோக இடங்கொடுங்கள். கொப்பியை மறந்து போனால், அதை எடுத்துக்கொண்டு பாடசாலை வாசலுக்கு ஓடாதீர்கள். ஒருநாள் ரீச்சரிடம் பதில் சொல்லட்டும். பத்து வயதில் ஒரு கொப்பியை மறந்து கற்கும் பாடம் மலிவானது. இருபது வயதில் அதே பாடத்துக்கு விலை அதிகம்.

3. வாரத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள். ஞாயிறு மாலை ஒரு தாளில் ஏழு நாட்களையும் கீறி, எந்த நாளில் எந்தப் பாடம், எப்போது விளையாட்டு என்று தானே எழுதட்டும். முதல் வாரத் திட்டம் நடக்காது. அதைக் கிழித்துப் போடாமல், ஏன் நடக்கவில்லை என்று கேளுங்கள். மூன்றாம் வாரத்தில் திட்டம் பிள்ளையின் அளவுக்குப் பொருந்திவரும்.

4. பிழையைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். மாதிரி வினாத்தாள் செய்தபின் புள்ளியை மட்டும் கேட்காதீர்கள். பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், 'தெரியாது', 'கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை', 'அவசரப்பட்டேன்' என்று மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். தன் பலவீனம் எதுவென்று அறிந்த பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது.

5. வீட்டுக்கு உண்மையாகத் தேவையான ஒரு வேலையைக் கொடுங்கள். காலையில் பாண் வாங்கி மிச்சக் காசைக் கணக்குச் சொல்வது, தங்கைக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுப்பது, பாட்டியின் மருந்து நேரத்தை நினைவுபடுத்துவது, எதுவாகவும் இருக்கலாம். தான் செய்யாவிட்டால் வீடு தடுமாறும் என்று பிள்ளை உணரவேண்டும். இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு வேண்டாம். மகள் பாத்திரம் கழுவ, மகன் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டில், மகனே அதிகம் இழக்கிறான்.

6. கேள்விக்கு உடனே விடை சொல்லாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்? எங்கே தேடலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் விடை கிடைக்கும் இக்காலத்தில், விடைக்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கும் பழக்கமே பெருஞ்செல்வம்.

இங்கே சில பெற்றோர் மனம் தளர்வார்கள். "நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" என்பார்கள். அம்மா, உங்களுக்குத் தெரியாதது இங்கே குறையாகாது. "எனக்கு இந்தக் கணக்கு விளங்கல்ல, எனக்குச் சொல்லித் தா மகன்" என்று உட்காருங்கள். சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளையின் அறிவில் உள்ள ஓட்டைகள் பிள்ளைக்கே தெரியவரும். பட்டதாரித் தாய் விடையைச் சொல்லிவிடுவாள். நீங்கள் பிள்ளையைச் சொல்லவைப்பீர்கள்.

தகப்பன் கடலிலும் தாய் வெளிநாட்டிலுமாக, பாட்டியின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. இவர்கள் ஏற்கெனவே பல வேலைகளைத் தாங்களே செய்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் சுமை வேண்டாம். வாரத்துக்கொரு முறை அவர்கள் சொல்வதை இருந்து கேட்க ஒரு பெரியவர் வேண்டும். தொலைபேசியில் தாய் பேசும்போது, "எத்தனை புள்ளி?" என்ற கேள்விக்கு முன்னதாக, "இந்த வாரம் என்ன கண்டுபிடித்தாய்?" என்ற கேள்வி வரட்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பிள்ளையைத் தன் காலில் நிற்கவிடுவது என்றால் கைவிடுவது என்று பொருளாகாது. கடலும், பெருவீதியும், போதைப்பொருளின் ஆபத்தும் உள்ள பகுதியில், எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று அறிந்திருப்பது பெற்றோரின் கடமையே. நான்காம் ஆண்டாகியும் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால், "தானே படித்துக்கொள்ளட்டும்" என்று விட்டுவிடாமல் உடனே ஆசிரியரைக் கண்டு பேசுங்கள். நீந்தத் தெரியாதவனை ஆழத்தில் தள்ளுவது பயிற்சி ஆகாது. இடுப்பளவு நீரில் நிறுத்தி, கையை மெல்ல மெல்ல விடுவதே பயிற்சி.

முடிவாக

அன்பார்ந்த பெற்றோரே, மறுபடியும் அந்தக் காலை வீதிக்கு வருவோம். நாளைக்கு அந்தத் தாய் பையைப் பிள்ளையின் தோளில் மாட்டிவிடட்டும். சற்றுப் பாரமாகத்தான் இருக்கும். தேவையற்ற புத்தகம் எது என்று அப்போதுதான் பிள்ளை யோசிக்கும்; எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிவு செய்யும். புலமைப்பரிசில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தன் பையைத் தானே அடுக்கத் தெரிந்த பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போனாலும் படித்துக்கொள்ளும்.

குடும்பமாகச் சிந்திக்க

அ. நம் பிள்ளை தானே செய்யக்கூடிய எந்த வேலையை நாம் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம்? எந்த நாளில் அதைப் பிள்ளையிடம் ஒப்படைப்போம்?

ஆ. கடந்த வாரம் பிள்ளை கேட்ட கேள்விகளுள் ஒன்றையாவது நம்மால் நினைவுகூர முடிகிறதா?

இ. புலமைப்பரிசில் கிடைக்காவிட்டால் பிள்ளையிடம் நாம் சொல்லப்போகும் முதல் வார்த்தை என்ன? அதை இன்றே தீர்மானித்து வைப்போமா?